ஏழாம் அத்தியாயம்: வளரும் குழந்தைக்கு எந்த வால்வு?

குழந்தையின் இருதய வால்வை மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்தில், அதிர்ச்சியினின்று சற்றே தெளிந்த பெற்றோர் முதலாவதாகக் கேட்பது, "இருப்பவற்றுள் எது உயர்ந்த வால்வு? கடன்பட்டாவது அதையே வைத்துவிடுகிறோம்" என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. பெற்ற மனம் அவ்விதம் கேட்பது இயல்பே. ஆயினும் அறுபது வயதுப் பெரியவர் விஷயத்தில் ஓரளவுக்கேனும் விடை கிடைக்கக்கூடிய அக்கேள்விக்கு, ஆறு வயதுக் குழந்தையின் விஷயத்தில் நேரான விடை கிடையாது. தொழிற்சாலையில் செய்த எந்த வால்வும் குழந்தையோடு கூட வளர்வதில்லை. உலோகத்தாலானது தினந்தோறும் மாத்திரை கேட்கும், பிராணிகளின் திசுவாலானது சில ஆண்டுகளில் மறு ஆபரேஷன் கேட்கும். ஏதோ ஒரு பாரம் குடும்பத்தின் தோளில் ஏறியே தீரும் என்னும் நிலையில், எந்தப் பாரத்தை இந்தக் குழந்தையும் இந்த வீடும் தாங்கும் என்று நிதானிப்பதுதான் பெற்றோரும் வைத்தியரும் கூடிச் செய்ய வேண்டிய காரியம். அதற்கு உதவும் பொருட்டே இவ்வத்தியாயம்.

இருதயத்தின் வால்வுகள் நான்கும், ரத்தம் ஒரே திசையில் செல்லும்படி திறந்து மூடும் கதவுகள் எனலாம். சரிவரத் திறவாவிடில் சுருக்கம் என்றும், சரிவர மூடாவிடில் கசிவு என்றும் வைத்தியர்கள் சொல்வார்கள். குழந்தைகளுக்கு இக்கோளாறு இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. முதலாவது பிறவியிலேயே வருவது: உடலெங்கும் ரத்தம் செல்லும் வாயிலில் மூன்று இதழ்களோடு இருக்க வேண்டிய அயோர்ட்டிக் வால்வு இரண்டே இதழ்களோடு அமைதல், நுரையீரலுக்குச் செல்லும் பல்மனரி வால்வு குறுகியிருத்தல் முதலியன. இரண்டாவது ருமாட்டிக் ஜுரம் விட்டுச்செல்லும் வடு. ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப்புண் கண்டு, அது தானாகவே ஆறிப்போய், இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்காலிலும் கணுக்காலிலும் வீக்கம் மூட்டுக்கு மூட்டு தாவித் தோன்றும்; கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் சக்தியே வழிதவறி இருதயத்தைத் தாக்க, பெரும்பாலும் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வும் அதற்கடுத்தபடி அயோர்ட்டிக் வால்வும் பழுதாகும். செல்வ நாடுகளில் அருகிப்போன இந்நோய் நம் தேசத்தை விட்டு இன்னும் போகவில்லை. நெருக்கமான குடியிருப்பு அதற்கு உற்ற துணை. ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும், பல்லாவரத்திலிருந்து குரோம்பேட்டை வழியாகத் தாம்பரம் வரை, ஓர் அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் வீடுகள் எத்தனை என்பதை இப்பகுதியில் வசிப்போருக்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை.

நம் பகுதிக்கே உரிய ஒரு தடுமாற்றத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோகிகளுக்காகத் தாம்பரத்தில் தோற்றுவித்த சானடோரியம் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயராய் நிலைத்துவிட்ட இடத்தில், பிள்ளை இருமினாலும் இளைத்தாலும் நுரையீரல்தான் நினைவுக்கு வருகிறது. "வீசிங்" என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்துப் பார்த்தபின் மைட்ரல் கசிவு வெளிப்படுவது அரிதன்று. பால் குடிக்கையில் நெற்றி வியர்த்து, எடை கூடாமலே இருக்கும் சிசு. ரயில்வே மேம்பாலப் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்கும் பிள்ளை. படுத்தால் இருமி, எழுந்து உட்கார்ந்தால் தணியும் சிறுமி: இவர்களுக்கு எக்கோ பரிசோதனை ஒன்றைச் செய்துவிடுவதே விவேகம். 2013 முதல் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் திட்டத்தின்படி அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வைத்தியக் குழு வந்து பார்க்கிறது. அன்று பிள்ளையை விடுப்பு எடுக்க விடாதீர்கள்.

பழுது உறுதியானபின் வைத்தியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மாற்றாமல் சரிசெய்ய முடியுமா?" என்பதுதான். சுருக்கம் மட்டுமே இருந்து கசிவு அதிகமில்லையெனில், தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியே பலூன் ஒன்றைச் செலுத்தி விரித்துவிடும் முறை உண்டு. மைட்ரல் வால்வுக்கென்று ஜப்பானிய நிபுணர் இனோவே 1980-களில் வகுத்த இம்முறையால், மார்பைத் திறக்காமலே பல ஆண்டுகள் நலமாக வாழ்வோர் நம் நாட்டில் அநேகர். கசிவே பிரதானமாயின், பிரெஞ்சு சஸ்திர வைத்தியர் அலேன் கார்ப்பாந்தியே நெறிப்படுத்திய வழியில், இதழ்களைத் தைத்தும் நாண்களைச் சீரமைத்தும் வளையத்தை இறுக்கியும் வால்வைச் செப்பனிடலாம். ருமாட்டிக் வால்வில் இச்செப்பனிடல் கடினம். தடித்துச் சுருங்கிய இதழ்களில் வேலை நீடித்து நிற்பதற்கு உத்தரவாதமில்லை. இருந்தபோதிலும், நான்கைந்து ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தாலும் வளரும் குழந்தைக்கு அது மகத்தான லாபம் என்பதே என் துணிபு. வளையம் பெரிதான பிறகு பெரிய வால்வை வைக்கலாம். அதுவே கடைசி ஆபரேஷனாக அமையவும் கூடும். செப்பனிடுதலில் கைதேர்ந்தவர் யார், அம்மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று தனியே இருதயப் பிரிவு உண்டா என்று விசாரித்தறிந்து, கூடுமானால் இரண்டாவது வைத்தியரின் அபிப்பிராயத்தையும் பெற்ற பின்னரே "மாற்றுங்கள்" என்று கையெழுத்திடுவது நலம். இரண்டாவது அபிப்பிராயம் கேட்டால் முதல் வைத்தியர் கோபிப்பார் என்று நாம் வீணே அஞ்சுகிறோம். நல்ல வைத்தியர் கோபிப்பதில்லை.

மாற்றியே தீரவேண்டும் என்னும் நிலை வந்தால், முதலாவதாகப் பேசப்படுவது உலோக வால்வு. 1960-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் வைத்தியரும் லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியியலாளரும் கூடிச் செய்த, கூண்டுக்குள் பந்து ஏறியிறங்கும் வால்வுதான் இவ்வகையில் புகழ்பெற்ற ஆதிப்பொருள். இக்காலத்தில் பரவலாக வழங்குவது இரண்டு அரைவட்டத் தகடுகள் திறந்து மூடும் வகை. நம் தேசத்துக்கென்று ஒரு வால்வு வேண்டும் என்று கருதி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தானும் அவருடைய குழுவினரும் பல்லாண்டு உழைத்து, முதல் மாதிரிகள் தோற்றபோதும் மனந்தளராமல், இறுதியில் கோபால்ட் உலோகக் கலவையாலான சட்டத்துக்குள் உயர்தரப் பாலிஎதிலீன் தட்டு ஒன்று சாய்ந்து திறக்கும் சித்ரா வால்வை உருவாக்கினார்கள். 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டு, பின்னர் டிடிகே நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டுவரும் அவ்வால்வு, அந்நிய வால்வுகளைக் காட்டிலும் விலையில் மிகக் குறைந்தது. விலை குறைவு என்பதற்காக அதை இரண்டாந்தரம் என்று எண்ணுவது அறியாமை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இருதயங்களுக்கு அது சென்றிருக்கிறது.

உலோக வால்வு தேய்வது மிக அரிது. அது அதன் பெருங்குணம். ஆனால் அதன்மேல் ரத்தம் உறைந்து படியக்கூடுமாதலால், வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்று வழங்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் உண்ண வேண்டும். அன்றியும், சிசுக்களுக்கு ஏற்ற சிறிய அளவு கிடைப்பதே பெரும்பாடாய் இருந்தது. 15 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வால்வுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 2018-இல்தான். சிறிய வால்வை வைத்தால் குழந்தை வளர்ந்தபின் அதுவே சுருக்கமாகிவிடும் என்பதால், அயோர்ட்டிக் வளையத்தையே வெட்டி அகலப்படுத்திப் பெரிய வால்வைப் பொருத்தும் முறைகளும் உண்டு. ஜப்பானியர் கோன்னோவின் பெயரால் வழங்கும் முறை அவற்றுள் ஒன்று.

திசு வால்வு என்பது பன்றியின் வால்வைப் பதப்படுத்தியோ மாட்டின் இருதய உறையைத் தைத்தோ செய்யப்படுவது. மதாசாரத்தை முன்னிட்டு இதில் தயக்கமுள்ள குடும்பங்கள் உண்டு. வெட்கப்படாமல் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட்டால் மாற்று வழி யோசிப்பார். முதல் சில மாதங்களுக்குப் பின் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை என்பது இதன் அனுகூலம். முதியவர்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும் இவ்வால்வு, வளரும் உடலில் சுண்ணாம்புச் சத்து விரைந்து படிவதால், குழந்தைகளுக்குச் சில ஆண்டுகளிலேயே கெட்டிப்பட்டுப் போகிறது. பல்மனரி வால்வின் ஸ்தானத்தில் மட்டும் கணக்கு வேறு. 'நீலக் குழந்தை' என்று சொல்லப்படும் ஃபாலோ நோய்க்குச் சிசுப்பருவத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பின்னாளில் பல்மனரி கசிவு வருவது வழக்கம். அங்கே திசு வால்வையே பெரிதும் விரும்புவர். அவ்வால்வு பழுதாகும்போது, உடல் எடையும் குழாயின் அளவும் இடங்கொடுத்தால், ரத்தக்குழாய் வழியாகவே புதியதை உள்ளே வைத்துவிடலாம். 2000-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பிலிப் பான்ஹோஃபர் இதை முதன்முதலில் செய்தது பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவனுக்கே.

இனி, மிகவும் சாமர்த்தியமானதும் மிகவும் சர்ச்சைக்குரியதுமான ராஸ் முறை. லண்டனில் டொனால்ட் ராஸ் 1967-இல் தொடங்கிய இம்முறையில், குழந்தையின் சொந்தப் பல்மனரி வால்வை எடுத்துப் பழுதான அயோர்ட்டிக் வால்வின் இடத்தில் வைத்துவிட்டு, பல்மனரி ஸ்தானத்தில் இறந்தவர் தானமளித்த வால்வையோ மாட்டின் கழுத்து ரத்தக்குழாயிலிருந்து எடுத்த வால்வுக்குழாயையோ பொருத்துகிறார்கள். இடம் மாறிய சொந்த வால்வு உயிருள்ள திசுவாதலால் குழந்தையோடு வளர்கிறது, மாத்திரையும் வேண்டுவதில்லை. ஆனால் ஒரு வால்வில் இருந்த நோய்க்காக இரண்டு வால்வுகளில் கை வைத்தாயிற்று. பல்மனரி ஸ்தானத்தில் வைத்தது வளராது, பின்னாளில் மாற்றியாக வேண்டும். ருமாட்டிக் நோயால் பழுதான குழந்தைக்கு, இடம் மாறிய வால்வையும் அந்நோய் பற்றக்கூடுமாதலால், இம்முறை அவ்வளவு உகந்ததன்று. பிறவிக் கோளாறுள்ள சிறு குழந்தைக்கு, இதில் நிறைந்த அனுபவமுள்ள வைத்தியர் கிடைத்தால், ராஸ் முறையையே முதலில் ஆலோசிக்கச் சொல்வேன். அனுபவம் குறைந்த இடத்தில் இதைச் செய்துகொள்ளச் சம்மதிக்கலாகாது. ஒசாகி என்னும் ஜப்பானியர் 2007 முதல் செய்துவரும் வேறொரு முறையில், நோயாளியின் சொந்த இருதய உறையைக் கத்தரித்து அயோர்ட்டிக் இதழ்களாகத் தைக்கிறார்கள். குழந்தைகளில் இதன் நெடுநாள் பயன் இன்னும் நிரூபணமாகவில்லை. 2022-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில், தானமாகப் பெற்ற இருதயத்தின் உயிருள்ள வால்வுகளை மட்டும் புதிதாய்ப் பிறந்த சிசு ஒன்றுக்குப் பொருத்தி, அவை வளர்வதையும் கண்டார்கள். இன்று முடிவெடுக்க வேண்டிய குரோம்பேட்டைத் தாய்க்கு அது செய்தியாகப் பயன்படுமேயன்றி வழியாகப் பயன்படாது.

மைட்ரல் வால்வுக்கு ராஸ் போன்ற பொதுவழி கிடையாது. செப்பனிட முடியாமற்போன மைட்ரலுக்குக் குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் உலோக வால்வே வாய்க்கும். ஆகையால் மாத்திரையைப் பற்றி விரிவாகப் பேசுவது அவசியமாகிறது. உலோக வால்வின் வெற்றியும் தோல்வியும் ஆபரேஷன் மேஜையை விடச் சமையலறை அலமாரியிலேயே அதிகம் நிர்ணயமாகின்றன. ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்பதை ஐ.என்.ஆர். என்னும் எண்ணால் அளக்கிறார்கள். அயோர்ட்டிக் உலோக வால்வுக்கு அது பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையிலும், மைட்ரலுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். உங்கள் குழந்தைக்குரிய எண்ணை வைத்தியர் எழுதித் தருவார். எண் தாழ்ந்தால் வால்வில் ரத்தம் உறையும், மிகவும் உயர்ந்தால் உள்ளே ரத்தம் கசியும். குழந்தையின் எடை ஏற ஏற மாத்திரை அளவும் மாறுமாதலால், மாதம் ஒரு தடவையேனும், தொடக்கத்தில் அதைவிட அடிக்கடியும், பரிசோதனை வேண்டும். நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் நம்பகமான ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அங்கேயே பார்த்து, தேதியையும் எண்ணையும் மாத்திரை அளவையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். மாத்திரையை மாலையில் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கலாகாது.

கீரையே கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முருங்கைக்கீரை, பசலை, கொத்தமல்லி போன்றவற்றிலுள்ள கே வைட்டமின் மாத்திரையின் சக்தியைக் குறைக்கும் என்பது மெய்யே. அதற்காக வளரும் பிள்ளைக்குக் கீரையை மறுக்காமல், வாரத்துக்கு எவ்வளவு என்று அளவை ஒரே சீராக வைத்துக்கொண்டால் போதும், மாத்திரையை அதற்கேற்ப அமைத்துவிடுவார்கள். காய்ச்சலுக்கு புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கலாகாது. சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பதால், பிற நோய்களுக்காக அங்கே செல்வோரும் இப்பகுதியில் அநேகர். செல்வதில் தவறில்லை, ஆனால் வார்ஃபரின் உட்கொள்ளும் பிள்ளை என்பதை அங்குள்ள வைத்தியரிடமும், சித்த மருந்து கொடுப்பதை இருதய வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்வது கட்டாயம். தலையில் அடிபட்டாலோ, மலம் கருத்துப்போனாலோ, வழக்கமாகக் கேட்கும் 'டிக் டிக்' ஒலி மங்கி மூச்சுத் திணறினாலோ, கைகால் துவண்டு பேச்சுக் குழறினாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பெண் குழந்தையாயின், வால்வைத் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கே பதினைந்து ஆண்டுகளுக்கு அப்பால் யோசித்தாக வேண்டும். மாதவிலக்கில் ரத்தப்போக்கு மிகலாம் என்பது சிறிய சங்கடம். பெரியது, கர்ப்பத்தின் ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையில் வார்ஃபரின் சிசுவுக்கு அங்கக் குறையை விளைவிக்கக்கூடும், நிறுத்தினாலோ தாயின் வால்வில் ரத்தம் உறையக்கூடும் என்பது. ஆகவே, பருவம் அடைந்த பெண்ணுக்கு, மறு ஆபரேஷன் நிச்சயம் என்று தெரிந்தே திசு வால்வைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. அது பலவீனமான முடிவன்று. கல்யாணப் பேச்சு வரும்போது மார்புத் தழும்பை மறைத்து வரன் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், புக்ககத்தில் மாத்திரையையும் மறைத்தே உண்ண நேரும்; அங்ஙனம் ஒளித்து உண்ணும் மாத்திரை அடிக்கடி தவறும். இதைவிடக் கொடிய அபாயம் வேறில்லை.

எங்கே செய்துகொள்வது என்பதற்கு வருவோம். குரோம்பேட்டை அரசு மருத்துவமனை முதற்பரிசோதனைக்கும் மேலிடத்துக்கான பரிந்துரைக்கும் உதவும். தாம்பரம் - கடற்கரை மின்ரயிலில் ஏறினால் வண்டி மாறாமலே எழும்பூர் சேரலாம். அங்கே அரசு குழந்தைகள் நல நிலையமும், அடுத்த பூங்கா நிலையத்தில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன. தனியார் துறையில் குரோம்பேட்டையிலேயே ரேலா மருத்துவமனையும், முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனும் உண்டு. 1949-இலேயே ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் மார்பு சஸ்திர சிகிச்சைக்குத் தனித்துறை கண்ட வேலூர் சி.எம்.சி.யை நாடிச் செல்வோரும் பலர். பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலுள்ள ஸ்ரீ சத்ய சாயி மருத்துவமனையில் கட்டணமே கிடையாது. எந்தத் தனியார் மருத்துவமனையாயினும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு அதற்கு அங்கீகாரம் உண்டா என்று முதலில் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு அத்திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது. ஒரு நுணுக்கம்: மருத்துவமனை சென்னையில் இருந்தாலும் குரோம்பேட்டைவாசியின் மாவட்டம் 2019 முதல் செங்கல்பட்டு ஆகையால், காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்துக்கே போக வேண்டும். நோய் தெரிந்த வாரமே இதை முடித்துவிடுங்கள். ஆபரேஷன் தேதி குறித்தபின் அலைவது வீண் அவஸ்தை.

ஆபரேஷனுக்கு முன் பல் வைத்தியரிடம் காட்டிச் சொத்தைப் பற்களைச் சரிசெய்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின், மார்பெலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகுமாதலால், கக்கத்தில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்கலாகாது; பிட்டத்தையும் தோளையும் தாங்கித் தூக்க வேண்டும். மாத்திரை உண்ணும் பிள்ளைக்குக் கபடியும் கெட்டிப் பந்து கிரிக்கெட்டும் வேண்டாம். ஓட்டமும் ஆட்டமும் வைத்தியர் அனுமதித்த அளவு தாராளமாக இருக்கட்டும். பிற்காலத்தில் பல் பிடுங்க நேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு முன்பாகக் கிருமி எதிர்ப்பு மருந்து வேண்டும். காரணம் விளங்காத காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தால், தெருமுனை டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதுவதற்கு முன்னரே ரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போனபின் எடுத்தால், புதிய வால்வில் குடியேறிய கிருமி பரிசோதனையில் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும்.

ருமாட்டிக் நோயால் வால்வு மாற்றிக்கொண்ட பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசி ஆபரேஷனோடு முடிந்துவிடுவதில்லை. மாற்றியது ஒரு வால்வையே, எஞ்சியவற்றை அந்நோய் மறுபடியும் தாக்கக்கூடும் என்பதால், நாற்பது வயது வரையிலோ ஆயுள் முழுவதுமோ அது தொடர வேண்டும். ஒவ்வாமைக்கு அஞ்சி அவ்வூசியைப் போட மறுக்கும் சிறு கிளினிக்குகள் உண்டு. அங்கே மன்றாடி நாளைக் கடத்தாமல், சீட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்று, குறித்த தேதியிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.